மாணவி எண்டே போடுங்கோ

சுபத்திரா ரவீந்திரனுக்கு, அவர் மறைவுக்குப் பின், ஓவியச் சிகிச்சை முதுகலைப் பட்டம் வழங்கலாமா என்ற கேள்வி அவர் படித்த பல்கலைக்கழகத்தின் கல்விக் குழு முன் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படிப்பின் பொறுப்பாளர் இதை மின்னஞ்சலில் உறுதிசெய்திருக்கிறார். சென்ற செவ்வாய்க்கிழமை, சிட்னியின் நார்த்மீட்டில் உள்ள வீட்டின் சமையலறையில், சுபத்திராவின் கணவர் ரவீந்திரன் அந்த மின்னஞ்சலை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இப்போதைக்கு இவ்வளவுதான் அண்ணை தெரியும்" என்றார்.

மரணச் செய்தியையும் அவர்தான் சொன்னார். அன்று நான் ஹரிஸ் பார்க்கில் ஓர் இனிப்புக் கடை வரிசையில் நின்றிருந்தேன். "சுபா எங்களை விட்டிட்டுப் போட்டா, அண்ணை" என்றார். எந்த மருத்துவமனை, யார் கூட இருந்தார்கள், பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். பல வருடம் செய்தி சேகரித்த வாய்க்குத் துக்கத்திலும் அதுதான் தெரிகிறது. ரவீந்திரன் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். என் முறை வந்தபோது கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் முதல் அஞ்சலிகள் வரத் தொடங்கின. உங்களில் பலர் எழுதியிருந்தீர்கள். பெரும்பாலானவற்றில் "சிட்னியின் முதல் தமிழ் ஓவியச் சிகிச்சையாளர்" என்ற வரி இருந்தது. அன்பால் எழுதிய வரி. ஆனால் 'முதல்' என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. 'சிகிச்சையாளர்' என்பது சரியில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அதைச் சொன்னவர் சுபாவேதான்.

அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவரைப் பற்றி இந்தப் பத்திரிகைக்கு ஒரு சிறு செய்தி எழுதினேன். அச்சுக்குப் போவதற்கு முன் அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"அண்ணை, என்னை என்னவெண்டு போடப் போறீங்கள்?"

"ஓவியச் சிகிச்சையாளர்னுதான்."

"ஐயோ, வேண்டாம். மாணவி எண்டே போடுங்கோ."

"அதான் படிப்பு முடியப் போகுதேம்மா?"

"முடியப் போகுது எண்டா முடிஞ்சுதெண்டே அர்த்தம்? தேர்தல் முடிவை உங்கட பேப்பரில அப்பிடித்தான் போடுவீங்களோ?"

மாணவி என்றே போட்டேன்.

இதில் அவருக்கு இருந்த பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள ஒரு விஷயம் தெரிய வேண்டும். இந்த நாட்டில் மருத்துவர், தாதி, உளவியலாளர் என்ற பெயர்களுக்குச் சட்டத்தின் காவல் உண்டு. பதிவில்லாமல் அவற்றைப் போட்டுக்கொண்டால் குற்றம். ஓவியச் சிகிச்சையாளர் என்ற பெயருக்கு அந்தக் காவல் இல்லை. அரசு உரிமம் என்று ஒன்றும் இல்லை. இருப்பது தொழில்முறைச் சங்கத்தின் பதிவு. அதைப் பெற ஒரு பட்டப்படிப்பு, தானே வரைகிறவர் என்பதற்கான சான்று, நேர்முகம், முழுநேரமாகப் படித்தால் இரண்டு வருட முதுகலை, அதற்குள் ஒரு மேற்பார்வையாளரின் கண் முன்னால் உண்மையான மனிதர்களோடு நூற்றுக்கணக்கான மணி நேரப் பயிற்சி, இவ்வளவும் வேண்டும். ஆனால் இது எதுவும் இல்லாமல் நாளைக்கே ஒருவர் பெயர்ப்பலகை மாட்டினால், அந்தப் பெயருக்காக மட்டும் அவரைத் தடுக்கச் சட்டம் இல்லை.

குழந்தைகள் காப்பகம் நடத்தும் ஒருவர் இதைத் தெரிந்து வைத்திருந்தார். ஒரு கல்யாண விருந்தில் என் எதிரிலேயே சுபாவிடம் கேட்டார்: "அக்கா, சட்டத்தில தடை இல்லைத்தானே. ஒரு போர்டைப் போடுங்கோ. பிள்ளையளை நான் அனுப்பிறன்."

"எல் போர்டு போட்டுக் கார் ஓடிப் பழகுற ஆளிட்டத் தனியப் பிள்ளையளை ஏத்தி விடுவீரோ தம்பி?"

"அது வேற அக்கா, அதுக்குப் பொலிஸ் பிடிக்கும்."

"அப்ப பொலிஸ் இல்லாட்டி ஏத்துவீர்?"

அவர் சிரித்துக்கொண்டே பாயசம் எடுக்கப் போய்விட்டார்.

சுபா இந்தப் படிப்புக்கு வந்தது நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு. அதற்கு முன் மருத்துவமனைகளிலும் ஆலோசனை அறைகளிலும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே உரைபெயர்ப்பாளராக இருந்தார். ஒரு நாள் ஆலோசனைக்கு வந்த ஒருவர் பேசவே இல்லை. யார், எங்கே என்று சுபா என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. ஆலோசகர் தாளையும் பென்சிலையும் நகர்த்தி வைத்தார். வந்தவர் வரையத் தொடங்கினார். சுபா சும்மா உட்கார்ந்திருந்தார். "சொன்னதை மற்றப் பாஷையில சொல்லுறதுதான் என்ர வேலை. சொல்ல ஏலாததுக்கு நான் என்ன செய்யிறது? அண்டைக்கு அந்த அறையில நான் தேவைப்படேல்லை அண்ணை. அது எனக்குச் சந்தோசமா இருந்தது" என்றார்.

விண்ணப்பிக்கும்போது, வரைந்த படங்களைத் தொகுத்துக் கொண்டுவரச் சொன்னார்கள். சுபாவிடம் ஒரு படமும் இல்லை. வரையாதவர் அல்ல. உரைபெயர்க்கும்போது குறிப்பெடுக்கும் தாளின் ஓரமெல்லாம் வரைவது அவர் பழக்கம். ஆனால் அந்தத் தாள்களை வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்பது தொழில் விதி. அவர் தன் படங்கள் அத்தனையையும் தன் கையாலேயே கிழித்துப் போட்டிருந்தார். நேர்முகத்தில் இதைச் சொன்னபோது தேர்வாளர்கள் சிரித்தார்களாம். பிறகு புதிதாக வரைந்துகொண்டு வர அவகாசம் கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடம் இருக்கவில்லை என்று ரவீந்திரன் இன்றும் குறை சொல்கிறார்.

முதல் பயிற்சி, நம் தமிழ்ச் சங்கம் ஒன்றின் முதியோர் குழுவோடு நடந்தது. உங்களில் சிலர் அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள். அவர்களுக்கு இது என்ன வகையான வகுப்பு என்று முதலில் பிடிபடவில்லை.

"எனக்கு எத்தினை புள்ளி பிள்ளை?"

"புள்ளி இல்லை அன்ரி."

"அப்ப பிழை விட்டா எப்பிடித் தெரியும்?"

"இதில பிழையே இல்லை."

"பிழை இல்லாத வகுப்புக்கு ஏன் பஸ் பிடிச்சு வாறது?"

எந்தப் படத்தையும் பார்த்து "வடிவா இருக்கு" என்று சுபா சொன்னதில்லை. "நான் வடிவு எண்டு சொன்னா, அடுத்த கிழமை எனக்காக வடிவாக் கீறுவினம். பிறகு அது அவையின்ர படம் இல்லை." இது என்னவென்றும் கேட்க மாட்டார். "இதைப் பற்றிச் சொல்லுங்கோ" என்பார். சொல்லாவிட்டால் விட்டுவிடுவார்.

படங்களை மண்டபத்தில் ஓர் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். மாற்றுச் சாவி ஒன்று சங்கச் செயலாளர் குலசிங்கத்திடம் இருந்தது. அந்த வருட ஆண்டு விழாவுக்குச் செய்தி எடுக்க நான் போயிருந்தேன். சுவர் நெடுக அந்தப் படங்கள் பொன்னிறச் சட்டங்களில் தொங்கின. கீழே வரைந்தவர் பெயர், வயது. மேடையில் முதல், இரண்டாம், மூன்றாம் பரிசுகளும் எல்லோருக்கும் ஆறுதல் பரிசுகளும் காத்திருந்தன. நம் ஆட்கள் கையில் நாலு படம் கிடைத்தால் கண்காட்சியும் பரிசளிப்பும் வைக்காமல் விடுவார்களா? நானும் வரிசையாகப் போட்டோ எடுத்தேன். அந்தப் படங்களில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். அவை சுவருக்காக வரையப்பட்டவை அல்ல.

சுபா உள்ளே வந்தார். கையிலிருந்த பலகாரத் தட்டை அருகில் நின்றவரிடம் கொடுத்தார்.

"பாத்தீரோ பிள்ளை? உம்மட வகுப்பின்ர திறமையைச் சனம் பாக்கட்டும் எண்டு நானே எல்லாத்துக்கும் பிரேம் போட்டனான்" என்றார் குலசிங்கம். முகமெல்லாம் மலர்ச்சி.

"அங்கிள், இது வகுப்பு இல்லை."

"பின்ன என்ன? படம் கீறினவை தானே?"

சுபா அவரிடம் வாதாடவில்லை. கதிரை வரிசைகளுக்குள் போய், வரைந்தவர்கள் ஒவ்வொருவர் காதருகிலும் குனிந்து, "சுவரில இருக்கட்டுமோ, எடுக்கட்டுமோ?" என்று கேட்டார். ஒவ்வொரு சட்டமாகச் சுவரிலிருந்து இறங்கியது. பிரதம விருந்தினர் மேடையில் பரிசுக் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஓர் அம்மாவின் முறை.

"ஏன் கழட்டுறீர்? எனக்கெல்லோ முதல் பரிசு! பள்ளிக்கூடத்தில ஆறுதல் பரிசு கூட நான் வாங்கேல்லை."

"உங்களைக் கேக்காமல் சுவரில தூக்கினதுதான் அன்ரி பிழை. இருக்க வேணுமெண்டா இருக்கட்டும். அது உங்கட படம்."

அந்த ஒரு படம் மட்டும் விழா முடியும்வரை சுவரில் இருந்தது. அந்த அம்மாவின் பெயர் இராசமலர். பெயரைப் போடலாமா என்று இந்தக் கட்டுரைக்காகக் கேட்டேன். சுபாவாக இருந்தால் இன்னொரு முறை கேட்டிருப்பார் என்று தோன்றியதால் மறுபடியும் கேட்டேன். "ஓம் எண்டு சொன்னனான் தானே, காது கேக்காதோ?" என்றார்.

பிறகு சுபா என்னிடம் வந்தார். "அண்ணை, உங்கட போனில இருக்கிறதையும் எடுத்து விடுங்கோ." அவர் எதிரிலேயே அழித்தேன். அந்த விழாச் செய்தியில் நடனமும் விருந்தும் மட்டுமே வந்தன.

நடந்ததைத் திங்கட்கிழமையே அவர் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவித்தார். யாரும் முறையிட்டிருக்கவில்லை. இரகசியம் காக்க வேண்டிய படங்கள் வெளியே போனதால் அந்தப் பயிற்சி நிறுத்தப்பட்டது. அதில் சேர்ந்திருந்த மணி நேரம் கணக்கில் சேருமா என்பது பரிசீலனைக்குப் போனது. முடிவு வரும்முன் காலம் ஓடிவிட்டது.

"ஆர் போய்ச் சொல்லப் போயினம், பேசாமல் இரும் எண்டு நான் சொன்னனான்" என்றார் ரவீந்திரன். "கேட்டாத்தானே. உரைபெயர்க்கேக்க ஒரு சொல்லை விட்டிட்டா, அந்த இடத்திலயே எல்லாரையும் நிப்பாட்டி, 'நான் ஒண்டை விட்டிட்டன்' எண்டு சொல்ல வேணுமாம். இதுவும் அதுதானாம்."

அடுத்த பயிற்சி மெல்பேர்ணில், கிரான்பர்னில் ஒரு சமூக நிலையத்தில் கிடைத்தது. தங்கை வீடு அங்கே இருந்தது. சில வாரங்கள் அங்கே, சில வாரங்கள் இங்கே. எப்படிப் போகிறது என்று கேட்டபோது, "திரும்பவும் எல் போர்டு, அண்ணை" என்று சிரித்தார். ஆய்வேடு தேறியது. பயிற்சி நேரம் மெல்லச் சேர்ந்தது. அந்த நாட்களில்தான் நோயும் தெரிய வந்தது.

இனிக் குணப்படுத்த முடியாது என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும் அவர் ஒரு முறை கிரான்பர்னுக்குப் போனார். ரவீந்திரன் தடுத்துப் பார்த்தார். தன்னோடு வரைந்த ஒவ்வொருவரிடமும் அவரவர் படங்களைக் கையில் கொடுத்து, இது கடைசிச் சந்திப்பு என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தத் தொழிலில் அது ஒரு கடமை. "சொல்லாமல் நிண்டுபோனா, தங்களாலதான் நான் வரேல்லை எண்டு நினைப்பினம். முடிவைச் சொல்லிப்போட்டுத்தான் போக வேணும்" என்று விமானநிலையத்திலிருந்து என்னிடம் போனில் சொன்னார். அதன் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

இறுதிச் சடங்கில் குலசிங்கம் ஓரமாக நின்றார். என்னைக் கண்டதும் அருகில் வந்தார். "அலுமாரியைத் திறந்தது நான் தம்பி. அவ இல்லை. கல்விக் குழுவுக்கு நானே எழுதிக் குடுத்திருக்கிறன்" என்றார். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருப்பதை ரவீந்திரனுக்கு வந்த மின்னஞ்சல் குறிப்பிடுகிறது.

சுபா வரைந்த எதுவும் என்னிடம் இல்லை. என்னிடம் தங்கியிருப்பது அவர் கேட்கும் விதம். பேட்டிகளில் என் முதல் கேள்வி எப்போதும் "இது என்ன?" என்றுதான் இருந்தது. இப்போது "இதைப் பற்றிச் சொல்லுங்க" என்கிறேன். எதிரில் இருப்பவர் பேசாவிட்டால், அடுத்த கேள்வியைப் போட்டு அந்த மௌனத்தை அடைக்காமல் இருக்கப் பழகி வருகிறேன். எளிதாக இல்லை.

மற்றபடி நிலவரம் இது. தொழில்முறைச் சங்கத்தின் பதிவு இனி கிடைக்காது. மறைந்தவரைப் பதிவு செய்வதில்லை. பட்டம் பற்றிய கேள்வி மட்டும் திறந்திருக்கிறது. படிப்பின் பெரும்பகுதி முடிந்திருந்தால் மறைவுக்குப் பின் வழங்கப் பல்கலைக்கழக விதி இடம் தருகிறது. முதியோர் குழுவோடு கழித்த அந்தப் பயிற்சி நேரத்தைச் சேர்த்துக்கொண்டால் பெரும்பகுதி முடிந்திருக்கிறது. சேர்க்காவிட்டால் இல்லை. கல்விக் குழு அடுத்த மாதக் கடைசி வாரம் கூடுகிறது. முடிவை ரவீந்திரனுக்கு எழுத்தில் தெரிவிப்பார்கள்.

அதுவரை இந்தப் பத்திரிகையில் சுபத்திரா மாணவி.