மச்சாள் அனுப்பிய கறுப்புக் கிரீம்

கலியாணத்துக்கு மூன்று நாள் முன்பு பாரிஸிலிருந்து எனக்கு ஒரு பொதி வந்தது. கொண்டுவந்தவர் மாப்பிள்ளை. அனுப்பியவர் அவருடைய அக்கா, எனக்கு வரப்போகும் மச்சாள். சொக்லேட், ஒரு வாசனைப் போத்தல், அவற்றுக்குக் கீழே பொன் மூடி போட்ட ஒரு கண்ணாடிச் சிமிழ். அம்மா அதைத் திறந்து பார்த்தார். உள்ளே மண்ணிறத்தில் ஒரு கிரீம் இருந்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த, வீட்டோடு ஒட்டிக் கட்டிய அனெக்ஸில் அன்று மத்தியானம் அடுப்பு எரியவில்லை, அம்மாதான் எரிந்தார்.

"கறுப்பியெண்டு சொல்லாமல் சொல்லுறா, பாத்தியே? பாரிஸில வெள்ளையாக்கிற கிரீம் முடிஞ்சு போச்சாமோ?"

எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. நான் நல்ல கறுப்பு. "கறுப்பெண்டாலும் களையான பிள்ளை" என்று ஆறுதல் சொல்லுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. பத்து வயதிலிருந்து கேட்டுக் காது புளித்துப்போன பேச்சை, கண்ணால் காணாத ஒருத்தி பொன் மூடி போட்டு அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். அம்மா சிமிழைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். மண்டபத்தில் வைத்து மாப்பிள்ளையின் தாயிடம் அதைத் திருப்பிக் கொடுத்து, நாலு வார்த்தை கேட்பதாகத் திட்டம்.

எனக்கு அலங்காரம் செய்தவர் கொட்டாஞ்சேனையில் இருந்த ஓர் அன்ரி. அன்று காலை அவருக்கு இரண்டு மணப்பெண்கள். அதனால் நாங்கள்தான் அவர் வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. விடியும்போதே போய் உட்கார்ந்தோம். அம்மா சிமிழை எடுத்துக் காட்டி முறைப்பாட்டைத் தொடங்கினார்.

அன்ரி சிரித்தார். "இதுக்குப் பேர் பிரான்சர், அக்கா. வெள்ளைக்காரிகள் வெயிலில நிண்ட மாதிரிக் காட்டப் பூசுறது. என்னட்டையும் இருக்கு." மேசை லாச்சியைத் திறந்து, புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய, பெயரில்லாத மண்ணிறப் பூச்சுக் குச்சி ஒன்றை எடுத்தார். மூக்கின் இரு பக்கமும் இழுத்து, மூக்கை எடுப்பாகக் காட்ட அவர் வைத்திருந்தது அது. பாரிஸ் கிரீமை என் இடது புறங்கையிலும் புறக்கோட்டைக் குச்சியை வலது புறங்கையிலும் தேய்த்தார். "பாருங்கோ, ரெண்டும் ஒண்டுதான். டப்பாவுக்குத்தான் விலை."

மின்விசிறிக்குக் கீழே எனக்கும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

பிறகு அம்மாவின் உத்தரவுப்படி வெள்ளையடிப்பு நடந்தது. என் நிறத்துக்கு மூன்று படி மேலே ஒரு பூச்சு, அதற்கு மேல் பவுடர். இடது கன்னத்து மச்சமும் மறைந்துபோனது. கண்ணாடியில் இருந்தவள் யாரோ ஒரு பெரிய இடத்துப் பிள்ளை.

சுபநேரம் பத்தரையுடன் முடிகிறது. அதைவிட்டால் மாப்பிள்ளையின் லீவுக்குள் வேறு நல்ல நாள் இல்லை. நாலாம் நாள் அவருக்குப் பிளேன். எட்டே முக்காலுக்கு, மண்டபத்துக்குப் போக ஒரு வாடகை வானில் ஏறினோம். அம்மா, நான், பூ விழுந்தால் சரிசெய்யவென்று அன்ரி, முன்னால் டிரைவர். கொச்சிக்கடைப் பக்கம் திரும்பியதும் சோதனைச் சாவடி. துறைமுகத்துக்குப் பக்கம் என்பதால் அங்கே கெடுபிடி எப்போதுமே கூட. பொலிஸ்காரி ஒருத்தி என் அடையாள அட்டையை வாங்கி, என் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். பள்ளிக்கூடக் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம் அது. அதில் நான் கரிக்கட்டை, கன்னத்தில் மச்சம்.

"மே ஓயா நெமெயி," என்றாள். இது நீ இல்லை.

"நான்தான்" என்று சிங்களத்தில் சொன்னேன். வடக்கில் பிறந்து கொழும்பில் இருக்கும் தமிழ்ப் பிள்ளை, அட்டையில் ஒரு முகம், வானில் ஒரு முகம். சண்டை நடந்த அந்த நாட்களில் இதைவிடக் குறைந்த காரணத்துக்கெல்லாம் ஆட்களைக் கொண்டுபோனார்கள். வானை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, அவள் அட்டையை மேலதிகாரியிடம் கொண்டுபோனாள். பின்னால் வந்த வாகனங்கள் எங்களைக் கடந்து போயின. ஒன்பது இருபது. ஒன்பதரை. என்னை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விசாரிக்கவேண்டும் என்று மேலதிகாரி சொன்னது எங்களுக்குக் கேட்டது. அம்மா முருகனைக் கூப்பிடத் தொடங்கினார்.

அன்ரி கொட்டாஞ்சேனைக்காரி, சிங்களம் அவர் வாயில் தண்ணீர். இறங்கிப்போய் என்னவோ மன்றாடிவிட்டு வந்து, பையிலிருந்து எண்ணெய்ப் போத்தலையும் பஞ்சையும் எடுத்தார்.

"ஐயோ, அழிக்க வேண்டாம் தங்கச்சி! முந்நூறு சனம் வரும்!" அம்மா அவர் கையைப் பிடித்தார்.

"முகம் வேணுமா, மகள் வேணுமா அக்கா?"

அம்மா கையை எடுத்தார். அன்ரி என் இடது கன்னத்தைத் துடைத்தார். பாதி வெள்ளை, பாதி நான். பொலிஸ்காரி வந்து குனிந்து மச்சத்தைத் தேடினாள். கண்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் அட்டையை நீட்டி, "யன்ன, யன்ன," போ போ என்றாள். அந்தச் சிரிப்பை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

ஒன்பதே முக்கால். திரும்பிப்போய் மறுபடி பூச நேரமில்லை. வெள்ளைப் பூச்சு அன்ரியின் மேசையில் இருந்தது. ஓடுகிற வானில் மற்றப் பாதியையும் துடைத்துவிட்டு, அன்ரி முதலில் தன் குச்சியைத்தான் இழுத்தார். மின்விசிறிக்குக் கீழே நல்ல பிள்ளையாக இருந்தது வியர்வையில் குணத்தைக் காட்டியது. செங்கல் நிறமாகித் திட்டுத் திட்டாகப் பிரிந்தது. அன்ரி அம்மாவைப் பார்த்தார். அம்மா கைப்பையைத் திறந்து சிமிழைக் கொடுத்தார்.

பாரிஸ் கிரீம் விரல் பட்டதும் தோலோடு போய்விட்டது. எண்ணெய் தேய்த்துச் சிவந்த இடங்கள் அடங்கின. பூசியதே தெரியவில்லை. அது அப்படியே என்னுடைய நிறம். "டப்பாவுக்கு இல்லை அக்கா விலை," என்று அன்ரி தன் தீர்ப்பைத் தானே திருத்தினார்.

பத்தேகாலுக்கு மண்டபத்துக்குள் ஓடினோம். தாலி ஏறியது. "பொம்பிளைக்கு மேக்கப் போடேல்லையோ?" என்று யாரோ கேட்டது மணவறை வரை கேட்டது.

மறுநாள் மாப்பிள்ளை தன் அக்காவுக்குப் போன் எடுத்து என்னிடம் தந்தார். அம்மா பக்கத்தில் வந்து நின்றார். சிமிழைத் திருப்பிக் கொடுக்க முடியாமற்போன வயிற்றெரிச்சல் அவருக்கு இன்னும் தீரவில்லை.

"கிரீம் கிடைச்சது, மச்சாள்," என்றேன். "எங்கட நிறத்துக்குச் சரியாத்தான் பாத்து அனுப்பியிருக்கிறியள்."

"சரியா இருந்ததோ? அப்பாடா!" என் குத்தல் அவருக்கு ஏறவேயில்லை. "விசாவுக்கு அனுப்பின உங்கட பாஸ்போர்ட் கொப்பியைக் கொண்டு கடை கடையா ஏறி இறங்கினனான். என்ர கலியாணப் படத்தில என்னை வெள்ளையடிச்சு விட்டிட்டாங்கள். விசாக் கந்தோரில அந்தப் படத்துக்குப் பக்கத்தில பாஸ்போர்ட்டை வைச்சு, இது நீ இல்லை எண்டிட்டாங்கள். ரெண்டு வருசம் என்ர அவர் இங்கை, நான் அங்கை. உங்கட கலியாணப் படத்திலயாவது நீங்கள் நீங்களா இருக்கவேணும். காரணத்தை எழுதினா வேற மாதிரி நினைப்பியளோ எண்டு பயத்தில எழுதேல்லை."

அம்மா என் தோளை இடித்தார். "நல்லாக் குடுத்தியோ?"

"நீங்களே கேளுங்கோ, அம்மா." ரிசீவரை அம்மாவிடம் நீட்டினேன்.