பாலண்ணை பூட்டாத லொக்கர்

ஒஷாவாவில் நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில், மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போதுதான் செய்தி வந்தது. "குமார், பாலண்ணை மோசம் போயிட்டாராம். காலமை நெஞ்சு நோகுது எண்டவராம், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கிடையில முடிஞ்சுதாம்" என்றான் கூட வேலை செய்யும் சிவா. பெட்டியை மூடிவிட்டேன். அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இந்நேரம் அவருடைய நல்ல குணங்களைப் பேசிக்கொண்டிருப்பீர்கள். நானும் பேசத்தான் வேண்டும். ஆனால் ஆறு வருடமாக எனக்கு அவர்மேல் பொறாமை. அதை மறைத்துவிட்டு எழுதினால் இது வேறு யாருக்கோ எழுதிய அஞ்சலியாகிவிடும்.

நாங்கள் இருவரும் ஒரே கிழமையில் ட்ரக் வாங்கினோம். ஒரே மொடல், இரண்டும் பழசு. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பேராக வடக்கே காட்டுப் பாதைகளால் ஏரிகளுக்கு மீன் பிடிக்கப் போவோம். சேறு வந்தால் என்னுடையது புதையும், அவருடையது போகும். அவர் முதலில் இறங்கி, நீளச் சப்பாத்தோடு, தடியால் குத்திக் குத்திப் பாதை முழுவதும் நடப்பார். "சில்லு போக முதல் கால் போகவேணும்" என்பார். பிறகு ஏறி, சில்லு சும்மா சுற்றாமலிருக்க ஹாண்ட் பிரேக்கைக் கொஞ்சமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து கடந்துவிடுவார். எல்லோரும் கைதட்டுவார்கள். நானும் தட்டுவேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

அதோடு முடிந்ததா? விட்பியில் அவருக்குக் கராஜோடு வீடு. நானோ டோர்செட் பார்க்கில் தொடர்மாடி ஒன்றின் பதினோராம் மாடி. கட்டடத்துக் கார் தரிப்பிடத்தில் மட்டையை விரித்து, குளிரில் மல்லாந்து கிடந்துதான் ஒயில் மாற்றுவேன். அவருடைய கராஜில் ஹீற்றர் இருந்தது. அந்த ஹீற்றரைக்கூட நான் மன்னிக்கவில்லை.

அப்போதுதான் ஒரு சஞ்சிகையில் லொக்கர் என்ற உதிரிப்பாகத்தைப் பற்றி வாசித்தேன். சாதாரண ட்ரக்கில் ஒரு பின்சில்லு சேற்றில் சும்மா சுற்றினால் மற்றச் சில்லு பார்த்துக்கொண்டு நிற்கும். இரண்டு சில்லுக்கும் நடுவிலுள்ள டிஃபரன்சியலில் லொக்கரைப் பூட்டினால் இரண்டும் சேர்ந்தே சுற்றும். அவரிடம் கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டேன்.

"அண்ணை, பின்னுக்கு லொக்கர் போடுவமோ எண்டு பாக்கிறன்."

"எங்க போறதுக்கு?"

"நீங்கள் போற இடத்துக்குத்தான்."

சிரித்தார். "சேத்துக்கு நல்லது, ஓம். ஆனா பனிக்குள்ள, சரிவில, ரெண்டு சில்லும் சேந்து வழுக்கும். ஒண்டெண்டாலும் பிடிச்சுக்கொண்டு நிக்காது. உனக்கு வேண்டாமடா."

நல்ல புத்திதான். ஆனால் என் காதில் விழுந்தது அந்த 'வேண்டாம்' மட்டும். தன்னுடைய முதலிடம் போய்விடும் என்று பயப்படுகிறார் என முடிவு கட்டினேன். வீட்டில் மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "உங்கட ட்ரக் போகவேணுமோ, அந்தாளின்ர ட்ரக் புதையவேணுமோ? அதை முதல் சொல்லுங்கோ." அடுத்த கிழமையே பூட்டுவித்தேன்.

முதல் ஞாயிறு, பாலண்ணை தடியோடு சேற்றுக்குள் நிற்க, நான் இறங்கியும் பாராமல் அவரைத் தாண்டிப் போனேன். "அட, கெட்டிக்காரன்!" என்று கத்தினார். ஒரு மாதம் என் கால் நிலத்தில் படவில்லை. கண்டவர் நின்றவர் எல்லோருக்கும் அந்தக் கதையைச் சொன்னேன்.

பிறகு முதல் பனி கொட்டியது. ஒரு சரிவில், அவர் சொன்னபடியே இரண்டு சில்லும் சேர்ந்து வழுக்க, ட்ரக் குறுக்காகப் போய்ப் பள்ளத்துக்குள் இறங்கி மரத்தில் கதவை இடித்துக்கொண்டு நின்றது. பாலண்ணை வந்து கயிறு கட்டித் தன் ட்ரக்கால் இழுத்தெடுத்தார். "உனக்கொண்டுமில்லைத்தானே?" என்றார். தேநீர் குடிக்கும்போது மற்றவர்கள் துருவித் துருவிக் கேட்டார்கள். "பாதை பிழையப்பா" என்று முடித்துவிட்டார். 'நான் அப்பவே சொன்னனான்' என்ற சொல்லுக்காக வருடக்கணக்காகக் காத்திருந்தேன். சொல்லியிருந்தால் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தப் பெருந்தன்மையிலும் எனக்கு வயிறெரிந்தது.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்று, அவருடைய மனைவி ராணி அக்கா என்னைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய், மேல்தட்டைக் காட்டினார். பிரிக்காத பெட்டி ஒன்று. இறக்கிப் பார்த்தேன். லொக்கர். என்னுடையதைப் போலவேதான், அதே மொடல் இலக்கம்.

"நீங்கள் அவரை முந்தின கையோட வாங்கினவர்" என்றார் ராணி அக்கா. "ஒரு மாதம் என்னை வீட்டில இருக்கவிடேல்லை. 'குமார் இறங்கியும் பாக்காமல் போறான், நான் விசரன் மாதிரித் தடியோட நிக்கிறன்' எண்டு ஒரே புறுபுறுப்பு."

"பிறகேன் பூட்டேல்லை?"

"பூட்டுவமோ விடுவமோ எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தவர், நீங்கள் வழுக்கின அண்டைக்கு வந்து மேல தூக்கி வைச்சிட்டார். உங்களுக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டச் சத்தியமும் வாங்கினவர்."

அப்படியானால், 'அப்பவே சொன்னனான்' என்று அவர் சொல்லாமல் விட்டது? பெருந்தன்மை பாதி, வெட்கம் பாதி. அந்தப் பெட்டியின் மேலேயே இருந்து அழுதேன். அழுகைக்கு நடுவில் சந்தோசமும் வந்தது. செத்தவீட்டில் வரக்கூடாத சந்தோசம்.

ராணி அக்கா பெட்டியைக் கொண்டுபோகச் சொன்னார். வேண்டாம் என்று தட்டிலேயே திருப்பி வைத்தேன். பாலண்ணையிடமிருந்து எனக்கு ஒரு மாதம் போதும். அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்ட அந்த ஒரு மாதம்.