அம்சவேணியின் தொட்டித் தண்ணீர்

1999 ஆடி மாதம், ராசிபுரம் கல்லூரிக்குப் போகும் காலை பஸ்ஸில்தான் அம்சவேணி அக்காவை முதலில் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வேதியியல் புத்தகத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மடியில் வைத்திருந்தேன். முள்ளுக்குறிச்சியில் ஏறிய அவரிடம் ஒரு பை நிறைய இலையும் இரண்டு பிளாஸ்டிக் கேன்களும் இருந்தன.

“ஏனுங்க, கேன்ல என்னங்க? பஸ்ஸே நாறுது” என்றார் கண்டக்டர்.

“எங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணிங்க. நாங்க மூணு வருசமா மோந்துக்கிட்டிருக்கறோம். நீங்க ராசிபுரம் வரைக்கும் மோந்து பாருங்க.”

பஸ் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

விவசாயி மாரப்பனின் மகள் அவர். சேலத்தில் உயிர்வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பட்டத்துக்கு எடுத்த தலைப்பு, கொல்லிமலைச் செடிகளில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட். “வெட்டுன வாழக்கா காத்துப் பட்டாக் கறுக்குதில்ல கண்ணு? நம்ம ஒடம்புக்குள்ளயும் அந்த மாதிரி ஒண்ணு நடக்குது. அதத் தடுக்கற சத்து எந்த இலையில எவ்வளவு இருக்குதுன்னு பாக்கறேன்.” இலைகள் பட்டத்துக்கு. கேன் தண்ணீர் அப்பாவின் கிணற்றுக்கு. மேட்டிலிருந்த ஜவ்வரிசி ஆலை, மரவள்ளிக் கிழங்கு கழுவிய நீரை வாய்க்காலில் விட்டு அந்தக் கிணற்றைக் கெடுத்திருந்தது. அந்தக் கழிவைத் தின்று வாழும் பாக்டீரியாக்களை வாய்க்கால் சேற்றிலேயே கண்டுபிடித்திருந்தார் அக்கா.

கார்த்திகையில் தோட்டத்தில் மூடிபோட்ட சிமெண்டுத் தொட்டி கட்டி, ஆலை நீரை நிரப்பி, அந்தப் பாக்டீரியாக்களை விட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெருமாயி சும்மா இருக்கவில்லை.

“அவனவன் மாடு வளப்பான், ஆடு வளப்பான். மாரப்பன் மவ சாக்கடையில புழு வளக்குது!”

மாரப்பனுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஆலைக்கு எதிராக முப்பத்திரண்டு பேர் கையெழுத்திட்ட மனு அப்போது கலெக்டர் ஆபீசில் இருந்தது. பஸ் பழக்கத்தில் அக்காவின் தோட்டத்துக்குப் போய்வரத் தொடங்கியிருந்த நான்தான் அதை எழுதிக் கொடுத்தேன். பொங்கல் கழிந்து விசாரணை.

பொங்கலுக்கு முன்பே தொட்டித் தண்ணீர் தெளிந்துவிட்டது. நாற்றம் துளியும் இல்லை.

“நாத்தந்தாம்ப்பா போயிருக்குது. கிழங்குல இருந்து எறங்குன சயனைடு வெசம் அப்படியே இருக்குது. இன்னும் ஒரு மாசம் ஆவும். யாரும் தொடக்கூடாது” என்று சொல்லி, ஒரு பாட்டிலில் மாதிரி எடுத்துக்கொண்டு அக்கா சேலம் போனார்.

எங்கள் பக்கம் புதுக் கிணறு வெட்டினால் முதலில் மாட்டைத்தான் விடுவோம். மாடு மோந்து பார்த்துக் குடித்தால் மனிதரும் குடிக்கலாம். மாட்டுப் பொங்கலன்று, கொம்புக்குச் சாயம் பூசிய செவலைப் பசுவை மாரப்பன் தொட்டிக்கு ஓட்டி வந்து மூடியைத் திறந்தார்.

“அக்கா வேண்டாம்னு சொல்லுச்சேங்க” என்றேன்.

“மாடு பொய் சொல்லாது சாமி. பெருமாயி, வந்து பாரு!”

பசு மோந்து பார்த்தது. பிறகு தலையைத் தூக்காமல் குடித்தது. அரை மணி நேரத்தில் அதன் கால்கள் நடுங்கின. பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது.

மறுநாளே ஆலை மேனேஜர் வந்தார். “எங்க தண்ணி இத்தன வருசமா ஓடுது. ஒரு மாடு செத்துதுங்களா? அந்தப் புள்ள விட்ட பூச்சிதான் கொன்னுருக்குது. மனுவ வாபஸ் வாங்கலீன்னா, அது மேல போலீசுக்குப் போவோம்.”

அந்தத் தண்ணீரை ஒரு மாடும் அதுவரை குடித்ததில்லை. நாற்றம் கிட்ட விடவில்லை.

அக்கா பரிசோதனைத் தாளோடு வந்து விசாரணையில் நின்றார். “வெசம் கிழங்குத் தண்ணியோடதுங்க. பாக்டீரியா கொல்லலீங்க.”

“சரிம்மா. அந்த நாத்தத்தப் போக்குனது யாரு?” என்றார் விசாரித்த அதிகாரி.

“நாந்தாங்க.”

அதை மட்டும் எழுதிக்கொண்டார்கள். மனுவிலிருந்து முதலில் கையெழுத்தை எடுத்தவர் மாரப்பன். மகளை ஸ்டேஷனுக்கு இழுத்துவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு. மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். அக்கா தொட்டியைச் சம்மட்டியால் உடைத்தார். யாரும் தடுக்கவில்லை.

ஆலை ஓடுகிறது. யாரும் தண்ணீர் எடுக்காதபடி கிணற்றின் மேல் முள் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். இலைகளை வைத்தே பட்டம் வாங்கிய முனைவர் அம்சவேணி, இப்போது ஓசூரில் ஒரு தனியார் ஆய்வகத்தில் மூலிகைப் பொடிகளின் ஆன்டிஆக்சிடன்ட் அளவைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறார். வருடத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருகிறார், குடிக்கத் தண்ணீரைக் கையோடு எடுத்துக்கொண்டு.