கருவாட்டுச் சம்பலும் ஓக் பீப்பாயும்

மார்க்கண்டுவின் மூக்கை லவால் நகரத்தில் தெரியாத தமிழர் குறைவு. கனடாவுக்கு வருமுன் அவர் மூன்று வருஷம் பாரிஸில் இருந்தவர். ஒரு ரெஸ்டோரண்டின் பின்கட்டில் வைன் கிளாஸ் கழுவினார். கடல் தாண்டி வந்தபோது கழுவிய கதையை அங்கேயே விட்டுவிட்டு வைனை மட்டும் கொண்டுவந்தார். கிழமை நாட்களில் சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில் குளிசைப் பெட்டி ஒட்டுவார். சனி, ஞாயிறு யார் வீட்டில் போத்தல் திறந்தாலும் முதல் கிளாஸ் அவருக்குத்தான். அவர் அதைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுவார். கண் திறக்கும்வரை ஒருவரும் குடிக்கக் கூடாது.

அந்த மூக்கு செத்து நாலு வருஷம். கொரோனாக் காய்ச்சல் போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வந்துவிடும், வந்துவிடும் என்று பார்த்தார். வரவில்லை. டொக்டரிடமும் சொல்லவில்லை, மனைவி கௌசலாவிடமும் சொல்லவில்லை. போத்தலின் பின்பக்கத்தில் அச்சடித்திருப்பதைப் பாடமாக்கி ஒப்பித்து வந்தார். வீட்டில் அதைவிடச் சுலபமான வழி வைத்திருந்தார்: யாரும் கேட்குமுன் குறை சொல்லிவிடுவது.

"கௌசலா, கறிவேப்பிலை காணாது, இன்னும் போட்டிருக்க வேணும். கறிச்சரக்கு வறுபடேல்லை."

கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் பகல் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கி இறக்கிவிட்டு வந்தவள், மறுநாள் சரக்கைத் திரும்ப வறுப்பாள்.

இப்படியிருக்க, கூட வேலை செய்யும் மட்டக்களப்பு றொபின்சன் ஒரு நாள் வந்து நின்றான். "அண்ணை, டன்ஹாம் பக்கம் முழுக்க வைன் தோட்டமாம். போவம். நீங்கள் விளங்கப்படுத்தினாத்தான் எங்களுக்கு நாலு விசயம் தெரியவரும்."

மார்க்கண்டு கணக்குப் போட்டார். மாட்டேன் என்றால் சந்தேகம் வரும். போய்ச் சறுக்கினால் இத்தனை வருஷத்துப் பெயர் போய்விடும். ஒரு சட்டம் போட்டார்: வான் வண்டிக்குள் சென்ட் கூடாது, கறி கூடாது, பேக்கரிப் பாண் மட்டும்தான். "மணத்தில மணம் ஏறினால் மூக்குக் குழம்பிப்போகும்."

ஓகஸ்ட் சனிக்கிழமை புறப்பட்டார்கள். குடிக்காதவள் என்பதால் கௌசலா வான் ஓட்டினாள். பின்னால் றொபின்சனும் அவன் மாமியார் அல்போன்சம்மாவும். எழுபத்திநாலு வயதில் வெறும் பாணைத் தின்று சாக அல்போன்சம்மாவுக்கு மனமில்லை. ஒரு டப்பா கருவாட்டுச் சம்பலைச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, செபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டா.

தோட்டத்தில் எல்லாம் சிறப்பாகத்தான் நடந்தது. தோட்டக்காரருடைய வெப்சைட்டை மார்க்கண்டு மூன்று தரம் வாசித்துவிட்டல்லவா போயிருந்தார்! "செரிப்பழம்," என்றார் கண்ணை மூடி. "பின்னால ஓக் மரப் பீப்பாய். கடைசியில கொஞ்சம் புகையிலை."

"ஓமோம், புகையிலை!" என்றான் றொபின்சன். அவனுக்கு ஒரு மண்ணும் மணக்கவில்லை.

வைன் ஊற்றித் தந்த பெண், ருசி பார்த்துக் கொப்பளித்து வாளிக்குள் துப்பச் சொன்னபோது அல்போன்சம்மா மறுத்துவிட்டா. "அந்தப் பிள்ளை ஆசையா ஊத்தித் தந்ததைத் துப்பிறதோ? நான் மாட்டன்." மருமகனுடையதையும் சேர்த்துக் குடித்தா.

இரண்டு மணித்தியாலம் வான் வெயிலில் நின்றது. உள்ளே டப்பா மூடி கழன்றிருந்தது.

கதவைத் திறந்த கௌசலா பத்தடி பின்னால் போனாள். றொபின்சன் சேர்ட்டை மூக்குவரை இழுத்தான். அல்போன்சம்மா ஆகாயத்தைப் பார்த்தா. மார்க்கண்டு வந்தார், ஏறினார், பெல்ட்டையும் போட்டுக்கொண்டார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? ஏறுங்கோவன்! அடுத்த தோட்டம் பூட்டப்போறாங்கள்."

"அண்ணை, உங்களுக்கு ஒண்டும் மணக்கேல்லையோ?"

மூன்று முகத்தையும் பார்த்தார். தன்னைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கண்ணை மூடினார்.

"ஏன் மணக்காது? ஓக் பீப்பாய். உடுப்பில ஏறியிட்டுது. நல்ல பீப்பாயெண்டால் அப்பிடித்தான்."

"ஐயோ தம்பி, அது என்ர கருவாட்டுச் சம்பல்!"

றொபின்சன் சிரித்துச் சிரித்துச் சல்லிக் கல்லில் குந்திவிட்டான். கௌசலா சிரிக்கவில்லை. மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கிட்ட வந்தாள்.

"எப்ப இருந்து?"

"கொரோனா வருத்தத்தோட."

"அப்ப, முந்தநாள் கறிவேப்பிலை காணாதெண்டு சொல்ல, திருப்பித் தாளிச்சனே, அது?"

அவர் பெல்ட்டைக் கழற்றினார். பிறகு திரும்பப் போட்டார்.

"மூக்குப் போனது உங்கட பிழையில்லை. இல்லாத மூக்கை நாலு வருஷமா என்ர சட்டிக்குள்ள விட்டியளே, அதுக்கென்ன சொல்லுறியள்?"

அடுத்த தோட்டத்துக்கு ஒருவரும் போகவில்லை. யன்னல்கள் எல்லாம் திறந்தபடி திரும்பினார்கள். வான் லவாலுக்கு வருமுன்னமே, றொபின்சனின் போன் வழியாகக் கதை அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மார்க்கண்டுவுக்காகக் காத்துக்கொண்டு ஒருவரும் கிளாஸை வைத்திருப்பதில்லை.

செவ்வாய்க்கிழமை பூசணிக்காய்க் கறி. வாயில் வைத்தார். உப்பு ஒரு துளி இல்லை. மணம் போனாலும் உப்பு மட்டும் அந்த நாக்குக்கு இன்னும் தெரியும். வழக்கம்போல வாயைத் திறந்தார். கௌசலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாயிருக்கு," என்றார். கட்டிய நாளிலிருந்து இப்போதுதான் முதல் தடவை.

"உப்புக் காணுமோ, இன்னும் வேணுமோ?"

"ஓம், காணும்."

கௌசலா உப்புப் போத்தலை அவர் பக்கம் தள்ளினாள்.

"போட்டுச் சாப்பிடுங்கோ. வேணுமெண்டுதான் போடாமல் விட்டனான்."