அத்தான் உயர்த்திய ஒற்றைக் கொடி

டொக்டர் மேடையில் பொய் சொன்னார். போன மாதம், மெல்பேர்ணில் மல்கிரேவ் மண்டபத்தில், எங்கள் சங்கத்தின் ஆண்டு விழாவில், மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, செத்துப்போன ஒரு மனிதனைக் குருடன் என்றார். சபை சிரித்தது. அந்த மனிதனின் மனைவி, என் அக்கா, மூன்றாவது வரிசையில் கைப்பையை மடியில் வைத்தபடி இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் கராஜுக்குள் போய், பழைய சூட்கேஸைத் திறந்து, ஒரு வெள்ளைக் கோட்டை எடுத்துவந்து என் முன்னால் போட்டாள். மடிப்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது. கஞ்சி போட்ட விறைப்பு மட்டும் இன்னும் போகவில்லை. அதைத் தொட்டபோது வந்த கோபத்தில்தான் இதை எழுதுகிறேன். நான் கார் சீற் தைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். சுற்றி வளைத்து எழுத எனக்கு வராது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் மெல்பேர்ணுக்கு வந்து அக்கா வீட்டில்தான் இறங்கினேன். அத்தான் எஞ்சினியர். கிழமை நாட்களில் ஒழுங்கான மனிதர். சனிக்கிழமை விடிந்தால் விசர் பிடித்துவிடும். கலியாணத்துக்கு முன் அவர் இங்கே மேற்படிப்புக்கு வந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரியில் தங்கியிருந்தவர். அங்கே அப்படிப் பல கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபுட்போல் அணி, ஒரு பாஸ்கெட்போல் அணி. குளிர்காலம் முழுக்க ஒன்றோடொன்று மோதும். படித்து முடித்தவன் தன் பாட்டில் போக வேண்டியதுதானே? இவர் போகவில்லை. புதன் மாலை பாஸ்கெட்போல், சனி மத்தியானம் ஃபுட்போல். மழை கொட்டினாலும், வெரிபீக்கு அப்பால் ஏதோ ஒரு வெட்டவெளியில் காற்று ஆளைத் தூக்கினாலும், கழுத்தில் நீலமும் வெள்ளையுமாக ஒரு மப்ளரைச் சுற்றிக்கொண்டு வேலியோரம் நிற்பார். பெறாமகளின், அதுதான் அக்காவின் மகளின், முதலாவது பிறந்தநாளை, ஆட்டம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்த மகான் அவர்.

சும்மா போய் நிற்கவும் மாட்டார். அக்கா சனிக்கிழமை காலை முழுக்கக் குசினியில் நின்று, கறி வைத்துச் சுருட்டி, றோல்ஸ் பொரிக்க வேண்டும். சேறு பூசிய அந்தப் பெடியள் ஆட்டம் முடிந்ததும் ஓடிவந்து, கைகூடக் கழுவாமல் அள்ளித் தின்பார்கள். அக்காவுக்கு ஒரு நன்றி கிடையாது. அத்தானுக்கு அவர்கள் வைத்த பெயர் சார்லி. அவருடைய பெயருக்கும் சார்லிக்கும் ஒரு எழுத்துக்கூடப் பொருத்தம் இல்லை.

“எப்ப அத்தான் சார்லி ஆனீங்கள்? ஞானஸ்நானம் எடுத்ததை எங்களுக்குச் சொல்லேல்ல?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அவங்களுக்கு வாயில வருகுதில்லை, பாவங்கள்.”

“டொக்டருக்குப் படிக்கிறவங்கள், மருந்துப் பேரெல்லாம் மூச்சுவிடாமல் சொல்லுறாங்கள். உங்கட பேர் மட்டும் தொண்டையில சிக்குதோ?”

அக்கா மாவைக் குழைத்தபடி சிரித்தாள். அத்தானுக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும். அந்த அணியைப் பற்றி எது சொன்னாலும் அவருக்குச் சூடு சுரணை இல்லாமல் போய்விடும். எதிர் அணிக்கு ஒரு புள்ளி போனால் நடுவரின் பரம்பரையையே இழுத்துத் தமிழில் திட்டுவார். தன் அணி செய்த களவெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மனிதன் இவ்வளவு பக்கச்சார்பாக இருக்க முடியுமா என்று நான் நினைத்திருக்கிறேன். இதை வாசிக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டொக்டருக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் அவர் மருத்துவ மாணவன், அந்தக் கல்லூரியில் தங்கியிருந்த ஒரே தமிழ்ப் பெடியன். நல்ல உயரம். பாஸ்கெட்போல் அணியில் இருந்தார். அத்தானுக்குத் தலைகால் புரியாத பெருமை. பலகைத் தரை போட்ட அந்த மண்டபத்தில், எல்லாரும் கேட்க, “எறியடா தம்பி, எறி!” என்று கத்துவார். தம்பி திரும்பிப் பார்க்காது. யாரோ வழிதவறி வந்தவன் கத்துகிறான் என்பது போல முகத்தை வைத்துக்கொள்ளும். மற்றப் பெடியள் பக்கத்தில் நின்றால் அத்தானோடு ஆங்கிலத்தில் ஒரு சொல், அரைச் சொல். அவர்கள் போனபிறகு, கார் நிறுத்துமிடத்தில், “அண்ணை, றோல்ஸ் மிச்சம் இருக்கோ? அக்காட கை கைதான்” என்று தமிழ் வரும். காரில் ஏறி எங்கள் வீட்டுக்கே வந்து சோறும் கறியும் தின்றுவிட்டுப் போனதும் உண்டு. அந்த வயதிலேயே மனிதருக்கு இரண்டு வாய்.

இந்த நாட்டு ஃபுட்போல் ஊரில் நாங்கள் கண்ட உதைபந்து இல்லை; வலையும் இல்லை, கோல்காப்பாளரும் இல்லை, கோல் கம்பங்களுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டுப் போட்டு ஒரு நடுவர் நிற்பார். பந்து இரண்டு பெரிய கம்பங்களுக்கு நடுவே சுத்தமாகப் போனால் கோல், ஆறு புள்ளி. அவர் இரண்டு வெள்ளைக் கொடிகளையும் அசைப்பார். போகிற வழியில் கம்பத்தில் பட்டுவிட்டால் ஒரே ஒரு புள்ளி, ஒற்றைக் கொடி. பெரிய ஆட்டங்களுக்கு இதற்கென்று ஆள் வரும். இந்த மாணவர் ஆட்டங்களுக்கு யார் வருவார்? இரண்டு கல்லூரியும் ஆளுக்கு ஒருவரைத் தங்கள் பக்கத்திலிருந்து கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். குளிரில் அசையாமல் நிற்க ஒருத்தனும் விரும்பாததால், அந்த வருஷம் கோட்டைத் தூக்கி அத்தானிடம் கொடுத்தார்கள். அவர் அதைப் பட்டம் கிடைத்தது போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அக்கா அதை ஊரில் வேட்டிக்குச் செய்வது போலத் தோய்த்து, நீலம் போட்டு, சோற்றுக் கஞ்சியில் முக்கி, வெயில் கண்ட நேரமெல்லாம் காயவைத்து, விறைக்க விறைக்க அயன் பண்ணிக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு நடந்தால் மட்டைபோல மொறமொறவென்று சத்தம் போடும். பெடியள் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார்கள். “சார்லி மரப்பெட்டிக்குள்ள வாறார்” என்றார்களாம். வீட்டுக்கு வந்து அதையும் பெருமையாகச் சொன்னார்.

கடைசி ஆட்டம். வென்றால் கோப்பை. அக்காவும் நானும் போயிருந்தோம். குழந்தை அக்காவின் தோளில். ஆட்டம் முடிகிற நேரம், எங்கள் ஆட்கள் சில புள்ளிகளால் பின்னால் நிற்கிறார்கள். ஒரு கோல் போதும். அணித் தலைவன் பக்கவாட்டிலிருந்து உதைத்தான். பந்து உயர எழும்பி, வளைந்து, கம்பத்தின் உள்பக்கத்தை மெல்ல உரசிக்கொண்டு நடுவே போய் விழுந்தது. கோல் என்று மைதானமே குதித்தது. நான் வேலியோரம் நின்றதால் எனக்கு உரசியது தெரியவில்லை. கம்பத்துக்கு நேர் பின்னால் இரண்டே பேர்தான். ஒருவர் அத்தான். மற்றவர், மப்ளரைச் சுற்றிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்திருந்த இன்றைய டொக்டர்.

அத்தானின் முகத்தை நான் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை அவருக்கு அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. இரண்டு கொடிகளும் கையில் இருந்தன. அசைத்துவிட்டால் அவருடைய கல்லூரிக்குக் கோப்பை. கேட்க ஆளில்லை. ஒரு கொடியைக் கீழே வைத்தார். மற்றதை உயர்த்தி அசைத்தார். கோட்டு மொறமொறத்தது. அவ்வளவு தூரத்தில் எப்படிக் கேட்டது என்று கேட்காதீர்கள், எனக்குக் கேட்டது.

தோற்றுப்போனதும் பெடியள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான் ஒருவன். றோல்ஸ் தின்ற அதே கை. தலைவன் பின்னால் நின்ற மருத்துவ மாணவனைக் கூப்பிட்டு, “நீ பார்த்தாயா?” என்று கேட்டான். தம்பி எல்லாருடைய முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னது: சுத்தமாகத்தான் போனது, பாவம் கிழவனுக்குக் கண் தெரியாது. அத்தானுக்கு அப்போது நாற்பது வயதுகூட இல்லை.

நாங்கள் காரில் ஏறி இருந்தோம். கோட்டைக் கழற்றாமலே அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி ஓடிவந்து கண்ணாடிப் பக்கம் குனிந்தது. வந்தது தமிழ்.

“அண்ணை, குறை நினையாதேங்கோ. பட்டதுதான். நானும் கண்டனான். என்ன செய்யிறது, நான் இவங்களோட இருந்து படிக்கவேணும்.”

நான் பின் சீற்றிலிருந்து சொன்னேன்: “கண்டனீர் எண்டால் அங்க போய் அதை இங்கிலிசில சொல்லும்.”

“தங்கச்சி, உமக்கு இது விளங்காது.”

“பொய்யன் எண்டு விளங்குது. அது காணும்.”

அத்தான் காரை எடுத்தார். அடுத்த வருஷமும் போனார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. கோல் பக்கம் வேறு ஆள் நின்றான். ஒருத்தனும் இவருக்குத் தலையசைக்கவில்லை. இவர் வேலியோரம் தனியே நின்று, அதே மப்ளரோடு, அதே அணிக்குக் கைதட்டிவிட்டு வந்தார். மானம் கெட்ட மனிதர் என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா, “அவர் ஆட்டம் பார்க்கத்தானே போறவர்” என்றாள். எனக்கு இன்றைக்கும் அது விளங்கவில்லை. கோட்டைத் திருப்பித் தா என்று யாரும் கேட்கவும் இல்லை. வேறொன்று வாங்கியிருப்பார்கள், கஞ்சி போடாததாக.

அந்தத் தம்பி பெரிய டொக்டர் ஆனார். வீடு, மாலை, பொன்னாடை, எந்த விழாவிலும் முன்வரிசைக் கதிரை. ஆகட்டும். எனக்கென்ன? ஆனால் போன மாதம் மேடையில் ஏறி, அந்தக் காலத்துத் தமிழர் இந்த நாட்டு விளையாட்டைப் புரியாமல் பட்ட பாடு என்று ஒரு பகிடிக் கதை எடுத்துவிட்டார். கம்பம் எது கோல் எது என்று தெரியாத ஒரு அண்ணை, கஞ்சிக் கோட்டு, போன கோப்பை, குருட்டுக் கண். நடித்தும் காட்டினார், கண்ணை இடுக்கிக்கொண்டு. பேர் சொல்லவில்லை, உண்மை. கோட்டுக்குக் கஞ்சி போட்டவள் மூன்றாவது வரிசையில் இருக்கிறாளே, பேர் எதற்கு? திரும்பி வரும்போது அக்காவின் பேத்தி காரில் கேட்டாள்: “வாஸ் தாத்தா ரியலி பிளைண்ட்?” அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அத்தான் சாகும்வரை பேசாமல் விட்டதை அவளும் பேசாமல் விடுவாள். அவர்கள் அப்படி. நான் அப்படி இல்லை.

கோட்டு இப்போது என் வீட்டில், கதிரையின் முதுகில் போட்டிருக்கிறேன். டொக்டர், அதை மல்கிரேவ் மண்டபத்துக்குக் கொண்டுவருகிறேன். அதே மேடை, அதே மைக், அதே சபை. உங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தவர்களும் அந்தப் பேத்தியும் கீழே இருக்கட்டும். ஒரே ஒரு கேள்விதான்: அந்தப் பந்து கம்பத்தில் பட்டதா, இல்லையா? தமிழில் நீங்கள் சொன்ன பதிலை அன்றைக்கே கார் கண்ணாடியில் கேட்டுவிட்டேன். இப்போது இங்கிலிசில சொல்லும்.