கடலுக்குள் மட்டும் கேட்ட காது

திரங்கானு கரையில் மீன் தேடுவதென்றால் வான் ஜுசோதான். படகோரத்தைப் பிடித்துக்கொண்டு தலையைத் தண்ணீருக்குள் விடுவார். கெலாமா மீன் கூட்டம் எந்தப் பக்கம் ‘கொர்க் கொர்க்’கென்று கத்துகிறது என்று கேட்டுச் சொல்வார். அங்கேதான் வலை இறங்கும். ஒரு நாளும் பிசகியதில்லை. அதுதான் அவர் மனைவி செமேக்குக்கு எரிச்சல்.

“அடியில கெடக்குற மீன் முனகுனா கேக்குது. அடுப்படியில நான் தொண்டை கிழியக் கத்துறது கேக்கலையாம்! யாருக்குக் காது குத்துறீங்க?”

“நீதான் இப்பல்லாம் முணுமுணுக்குற,” என்பார் அவர்.

இரண்டு வருஷமாக இதே கூத்து. மனுஷனுக்கு நம்மைப் பிடிக்காமல் போய்விட்டது என்று செமேக் முடிவே கட்டிவிட்டாள். வேறென்ன நினைப்பாள், பாவம்! ஒரு காலை துணிமணியைப் பையில் அடுக்கிவிட்டு, கோப்பியோடு போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள்.

“நான் அக்கா வீட்டுக்குப் போறேன். இனிமே வரமாட்டேன்.”

வான் ஜுசோ திரும்பி, கோப்பையை வாங்கிக்கொண்டு சிரித்தார். “சக்கரை போட்டாச்சுல்ல?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் துளி கள்ளமில்லை. ஒருவேளை நிஜமாகவே கேட்கவில்லையோ? ஒரு சட்டியை எடுத்து அவர் பின்னால் தரையில் போட்டாள். பூனை பிய்த்துக்கொண்டு ஓடியது. அவர் கோப்பியை ஊதிக்கொண்டிருந்தார்.

பையை அப்படியே போட்டுவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். “காது போச்சுன்னா என்னை எவன் படகுல ஏத்துவான்?” என்று வழியெல்லாம் புலம்பினார்.

டாக்டர் நோர்லைலி இசைக்கவை என்னும் இரும்புக் கவட்டைத் தட்டி ரீங்கரிக்க வைத்துக் காதருகே பிடித்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தியதும் கண் விரிந்தது.

“கேக்குதே! நல்லாக் கேக்குதே!”

“நரம்பு நல்லாத்தான் இருக்கு மாமா. காத்துல வர்ற சத்தம் காதுக்குள்ள ஒரு குட்டி எலும்பு வழியாப் போகணும். அது அசையாம இறுகிப்போச்சு. தண்ணிக்குள்ள மண்டை எலும்பு வழியாவே சத்தம் உள்ள போயிடும். அதான் மீன் கேக்குது, அத்தை கேக்கல. ஆப்பரேஷன் பண்ணலாம், ஆனா அப்புறம் முங்குறது ஆபத்து. காதுக்கு மெஷின் மாட்டிக்குங்க. தண்ணியில இறங்குறப்ப கழட்டிடுங்க.”

செமேக் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே அழுதாள். அவ்வளவு நிம்மதி. இந்த மனுஷனை என்னவெல்லாம் திட்டித் தீர்த்துவிட்டோம்!

மெஷின் மாட்டிக்கொண்டு வந்த சாயங்காலம் வான் ஜுசோ வாசலில் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே செமேக், மூலையில் கிடந்த பையின் ஜிப்பை மெல்லத் திறந்தாள்.

“என்ன சத்தம் அது? எங்கயாவது கெளம்புறியா?” வாசலிலிருந்தே பதறினார்.

அவள் கை நின்றது. “இல்லங்க,” என்றாள், கத்தாமல். “துணிய எடுத்து அலமாரியில வைக்கிறேன்.”

“அப்ப சரி,” என்றார்.