கப்பியில் சிக்கிய கயிறு

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவது என் வேலை. தந்தி வந்ததும் கறுப்புக் கூண்டைக் கயிறு கட்டிக் கொடிமரத்து உச்சிக்கு இழுக்க வேண்டும். அதைப் பார்த்தால் தோணிகள் கிளம்பாது, கிளம்பியவை திரும்பிவிடும். ஒரு கழுதைகூடச் செய்துவிடும் என்று என் அண்ணன் கேலி பண்ணுவார். அவர் தோணியை நடத்தும் தண்டல். ஏழு பேரை வைத்துக்கொண்டு, தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலுக்கு உப்பு மூட்டை கொண்டுபோவார்.

உலக யுத்தம் முடிந்த சமயம், கார்த்திகை மாதம். நாலு நாளாய் மழை விடவில்லை. காலையில் தந்தி வந்தது. ஓடிப்போய் இழுத்தேன். கூண்டு பாதி மரம் ஏறி நின்றுவிட்டது. நனைந்து ஊதிய பழைய கயிறு கப்பியில் இறுகிக்கொண்டது. சரக்குக் கிட்டங்கியின் கூரை மறைத்ததால் கடலிலிருந்து கூண்டு தெரியாது. அட மாதாவே!

முதல் தோணி பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது. இழுத்தேன், உலுக்கினேன், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். சனியன் அசையவில்லை. அந்தத் தோணி மழைக்குள் மறைந்தது. அடுத்து அண்ணனின் தோணி கிளம்பியது. கத்திப் பார்த்தேன், எதிர்க்காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மரத்தில் ஏறினேன். இரண்டு தடவை சறுக்கினேன். பாதியில் கூண்டை அவிழ்த்துத் தோளில் மாட்டிக்கொண்டு உச்சிக்குப் போய்த் தூக்கிக் காட்டினேன். அண்ணனின் தோணி திரும்பியது.

"மரத்துல எவனோ தொங்குதானேன்னு பாத்தேன். நீயாலே!" என்று அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மத்தியானம் புயல் அடித்தது. முதல் தோணி வரவேயில்லை.

எட்டாம் நாள் அந்தத் தோணித் தண்டலின் வீட்டுக்குப் போனோம். அண்ணன் எல்லார் முன்னாலும் என் தோளைத் தட்டினார். "இவன் மட்டும் ஏறலன்னா நாங்களும் போய்ச் சேந்திருப்போம்."

தண்டலின் மனைவி என்னைப் பார்த்தாள். "எங்க வீட்டு அவுகளுக்கும் இப்படி ஒரு தம்பி இருந்திருந்தா வந்திருப்பாகளே, அண்ணாச்சி" என்று அண்ணனிடம் சொன்னாள்.

ஐப்பசியிலேயே கயிற்றை மாற்றச் சொல்லியிருந்தார்கள். புதுக் கயிறு கொட்டகையில் சும்மா கிடந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டவன் நான்தான். மாற்றியிருந்தால் அவள் புருஷனும் கூண்டைப் பார்த்திருப்பார். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டினாள்.

வாங்கிக் குடித்தேன்.